துரைத்தொட்டி

குளிக்கிற தொட்டிக்குள் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. நடந்தது இவ்வளவுதான். எழுபத்தெட்டு வயதில் தொட்டிக்குள் இறங்குகிறவனுக்கு வேறென்ன நடக்கும். இடது முழங்காலில் இரும்பு வைத்திருக்கிறது, அது மடங்கினபடியே நின்றுவிட்டது. வலது காலை ஊன்றினால் சோப்பு. இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்துத் தம் கட்டி எழும்பினேன், பாதி எழும்பினேன், இடுப்பில் சுருக்கென்று பிடித்தது, பொத்தென்று விழுந்தேன். தண்ணீர் தெறித்து ஆணியில் மாட்டியிருந்த சட்டை நனைந்தது. மறுபடி எழும்பினேன், மறுபடி விழுந்தேன். சரி, தண்ணீரையாவது வடித்துவிடலாம் என்று அடைப்பானின் சங்கிலியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்தேன். சங்கிலி அறுந்து விரலோடு வந்தது. அடைப்பான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது, என்னைப் போல. வெந்நீர்க் குழாய் கால்மாட்டில். குனிந்தால் எட்டும், குனிய இடுப்பு விடாது. பழைய காலத்து வார்ப்பிரும்புத் தொட்டி, நான்கு மூலையிலும் சிங்கத்தின் பாதம். எவனோ ஜெர்மன்காரன் கப்பலில் கொண்டுவந்து மாட்டுவண்டியில் ஏற்றி இந்த மலைக்குத் தூக்கியிருக்கிறான். அவன் குளித்தான், அவனை விரட்டிவிட்டு இங்கிலீஷ்காரன் குளித்தான், இப்போது போடிநாயக்கனூர்க்காரன் மாட்டிக்கொண்டு கிடக்கிறான். தான்சானியாவில் ஒரு மலை, மலைமேல் காபித் தோட்டம், தோட்டத்து நடுவில் பங்களா, பங்களாவைச் சுற்றிக் கல்கட்டு வீடுகள், வருகிறவர்கள் தங்குவதற்கு. மகன் தயாளன் நைரோபியில் வேலை பார்க்கிறான். அப்பா காபித் தோட்டத்திலேயே ஆயுசைக் கழித்தவர், பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று கூட்டிவந்தான். என் சந்தோஷத்தைப் பற்றி இவனுக்கு யார் சொன்னது. நேற்று ஆளுக்கொரு கூடையைக் கொடுத்துப் பழம் பறிக்கச் சொன்னார்கள், அதுதான் இங்கே பொழுதுபோக்கு. மருமகள் அகிலா கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு பழமும் பச்சைக்காயுமாக உருவிப் போட்டாள், ஒவ்வொரு உருவலுக்கும் ஒரு போட்டோ. என் காட்டில் ஒருத்தி பச்சைக்காயை உருவியிருந்தால் அன்றைக்கே மலையிறக்கியிருப்பேன். இங்கே கைதட்டுகிறார்கள். இன்று காலை அவனும் அவளும் எரிமலைப் பள்ளத்துக்கு யானை பார்க்கப் போய்விட்டார்கள். திரும்ப இருட்டிவிடும். யானையை நான் பார்த்தாயிற்று, நான் வேலை பார்த்த தாண்டிக்குடி மலையில், என் வாழைக்குள். நான் வரவில்லை என்றேன். நான் வரவில்லை என்றால் இவளும் வரவில்லை. இவள் என்றால் என் சம்சாரம்.

இவள் கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கிறாள். ஒரே ஒரு கதவு. தாழ்ப்பாள் துருப்பிடித்து விழாது, அதனால் தள்ளினால் திறக்கும். ஏய் என்று கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் அதுதான் கூப்பாடு, கல்யாணமான நாளிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடியே என்றேன். இந்தா என்றேன். அந்தப்பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம், அவ்வளவுதான். இவளுக்குக் காது கேட்காது. கேட்காமல் போய் வருஷங்கள் ஆயிற்று. தயாளன் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தான், காதுக்குப் பின்னால் மாட்டுவது, முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்து தோல் நிறத்தில் இருக்கும். சமயத்தில் அது கீ என்று கத்தும். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியாது, கூட இருக்கிறவனுக்குத்தான். கத்தினால் நான் கையை நீட்டுவேன், கழற்றி உள்ளங்கையில் வைப்பாள். கத்தாவிட்டாலும் நீட்டுவேன். பேச்சு நீண்டால் நீட்டுவேன். மெஷின் என் கைக்கு வந்தபின் அவளுக்கு மேற்கொண்டு பேச ஒன்றும் இருக்காது, பதில் காதில் விழாதே. யார் வந்து உட்கார்ந்திருந்தாலும் சரி, கை நீண்டால் போதும், பாக்கு எடுத்துக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நல்ல ஏற்பாடு. தயாளன் ஒருதரம் பார்த்துவிட்டுக் குதித்தான், அம்மா என்ன ரேடியோவா, இஷ்டத்துக்கு நிறுத்துறதுக்கு என்றான். அதிலிருந்து அவன் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறேன். இன்று மத்தியானம் சாப்பிட்டதும் இவள் ஆரம்பித்தாள். பிள்ளை அவ்வளவு கூப்பிட்டானே, யானையைக் கூட்டங்கூட்டமா பாக்கலாம்னானே, நீங்க வரலைன்னா என்னையாவது விட்டிருக்கலாம்ல என்று. என்னையாவது. கையை நீட்டினேன். வாங்கிவந்து இங்கே ஜன்னல் கட்டையில் பல் விளக்குகிற டம்ளருக்குள் போட்டேன். இப்போது நான் கத்தும்போதெல்லாம் டம்ளருக்குள்ளிருந்து அதுவும் கத்துகிறது. ஏய் என்றால் கீ. அடியே என்றால் கீ. இந்த வீட்டில் என் குரல் காதில் விழுகிற ஆள் அது ஒன்றுதான்.

மெஷின் இல்லாமல் இவளுக்கு எவ்வளவு கேட்கும். இது தெரியாது. இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. டாக்டர் ஒரு படம் போட்டுக் காட்டினான், மலைச்சரிவு மாதிரி ஒரு கோடு இறங்கியது, இந்தச் சத்தம் கேட்கும் அந்தச் சத்தம் கேட்காது என்றான், நான் ஜன்னல் வழியாக வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி விழுந்தால் திரும்புவாள். அது தரையின் அதிர்வாக இருக்கலாம். மகன் போனில் மெதுவாகப் பேசினால் பக்கத்து அறையிலிருந்து வருவாள். அது தாய்க்குணம் என்பார்கள், எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஒருதரம் சோதித்தேன். மெஷின் என் சட்டைப்பையில், இவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், பின்னால் நின்று சாதாரணக் குரலில் இவள் அம்மாவைப் பற்றி, தங்கையைப் பற்றி, இவளுடைய நடையைப் பற்றி, சொல்லக்கூடாததை எல்லாம் சொன்னேன். கீரை ஆய்கிற கை நிற்கவில்லை. தோள் அசையவில்லை. சரி, செவிடுதான் என்று போய்விட்டேன். அன்று ராத்திரி குழம்பில் உப்பு ஒரு கை கூடியிருந்தது. தற்செயல் என்று விட்டேன். இப்போது தண்ணீருக்குள் உட்கார்ந்து அந்த உப்பையே நினைக்கிறேன். நாக்கில் கரிக்கிறது. தற்செயலா. இவள் ஆயுசில் உப்பு கூடினது எத்தனை தரம். ஞாபகத்தில் அந்த ஒன்றுதான். அப்படியானால் இப்போது நான் கத்துவதும் கேட்கிறது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இல்லை, கேட்டால் வந்திருப்பாள், வராமல் இருக்க இவளுக்குத் தைரியம் ஏது. கல் சுவர், ஒன்றரை முழக் கனம், யாருக்குக் கேட்கும். டம்ளர் கீ என்றது. நீ சும்மா இரு.

யாரோ தாழ்வாரத்தில் ஏறினார்கள். நீமா. இங்கே அறைகளைப் பார்த்துக்கொள்கிற பெண், முப்பது வயதிருக்கும், இவளைப் பார்த்தால் மாமா மாமா என்பாள், இங்கே மாமா என்றால் அம்மா, பாபா என்றால் அப்பா. முதல்நாள் கேட்டபோது இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அகிலாதான் விளக்கினாள், அத்தை, அது உங்களைத்தான் என்று. நீமா வந்துவிட்டாள், ஒரு சத்தம் கொடுத்தால் போதும், கதவு திறக்கும். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். எப்படித் திறப்பாள், எதைப் பார்ப்பாள். என்னைப் பார்த்தேன். வயிறு தண்ணீருக்குமேல் வழுக்கைத் தலை மாதிரி நிற்கிறது, மற்றதெல்லாம் கீழே சுருங்கி ஊறிக் கிடக்கிறது. இருநூறு பெண்களை அதட்டி வேலை வாங்கினவன். என் நிழல் தெரிந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிவார்கள். ஒரு பெண்பிள்ளை கையில் இப்படிக் கொடுக்கவா இந்த உடம்பு. இவள் வருவாள், இன்னும் கொஞ்சத்தில் வந்துதானே ஆகவேண்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். வெளியே நீமா ஏதோ கேட்டாள். பாபா எங்கே என்று கேட்டிருப்பாள். இவள் சொன்னது கணீரென்று கேட்டது. நோ, தாங்க்யூ. நான் சொல்லிக் கொடுத்தது. வந்த அன்று நீமா என்னவோ கேட்க, இவள் ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்ட, இரண்டு பேர் விறகோடு வந்து கணப்பைப் பற்றவைத்துவிட்டார்கள். அறை முழுக்கப் புகை, எனக்கு இருமல் நிற்கவில்லை. அப்போதே உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எவன் வந்து என்ன கேட்டாலும் நோ, தாங்க்யூ. வேறே வாயைத் திறக்கப்படாது. சொல்லு. சொன்னாள். மறுபடி சொல்லு. சிரிச்சிக்கிட்டே சொல்லு. சிரித்துக்கொண்டே சொன்னாள். நல்ல மாணாக்கி. நீமா வெளியே சிரித்தாள், தட்டை வைக்கிற சத்தம், அப்புறம் படி இறங்குகிற சத்தம். போய்விட்டாள். காபி வாசனை கதவுக்குக் கீழே வழியாக வந்தது.

நல்ல காபி. மோந்தாலே தெரிகிறது. எங்கள் மலையில் நல்ல கொட்டையெல்லாம் கப்பலுக்கு, வீட்டுக்கு உடைசலும் கறுத்துப்போன கொட்டையும், அதோடு சிக்கரி. இவள் ஆயுசு முழுக்கக் குடித்தது அதுதான். நானும் அதைத்தான் குடித்தேன் என்று சொல்லலாம், சொன்னால் பொய். ஆபீசில் எனக்குத் தனியாக வறுத்து அரைத்து இருக்கும். வெளியே உறிஞ்சுகிற சத்தம். சத்தம் வராமல் குடி என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், தனக்கே கேட்காதபோது எப்படிச் சத்தம் வராமல் குடிப்பாள். ஆனால் அந்த உறிஞ்சல் எனக்குக் கேட்கிறதே. அவள் உறிஞ்சுவது எனக்குக் கேட்டால் நான் கத்துவது எப்படி அவளுக்குக் கேட்காமல் இருக்கும். அப்போதுதான் மழை பிடித்தது. இங்கே மழை தூறிப் பார்ப்பதில்லை, வண்டியிலிருந்து ஜல்லி கொட்டுகிறமாதிரி தகரக் கூரையில் விழுகிறது. நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. வாய் திறந்து மூடுவது மட்டும் தாடையில் தெரிகிறது. தண்ணீர் ஆறிவிட்டது. எப்போது ஆறியது என்று தெரியவில்லை, சூடு கழுத்திலிருந்து இறங்கித் தோள், நெஞ்சு என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போய் இப்போது எங்கேயும் இல்லை. நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. குளிரில் நிற்காதீர்கள் என்று அதை வைத்த டாக்டர் ஊசிக்குரலில் சொன்னான். நிற்கவில்லை டாக்டர், உட்கார்ந்திருக்கிறேன். பல் கிட்டுகிறது. கை விரல்கள் விளிம்பைப் பிடித்திருக்கின்றனவா விட்டுவிட்டனவா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கை விட்டால் சரிவேன், இந்தத் தொட்டியின் முதுகு வழவழவென்று சாய்வாக இருக்கிறது, சரிந்தால் தண்ணீர் மூக்குக்கு மேலே. தயாளன் வர இருட்டிவிடும். அதுவரை இந்த விரல்கள் தாங்காது.

எதற்காக இதில் இறங்கினேன். துரை. தாண்டிக்குடித் தோட்டத்தில் நான் ரைட்டராக, கணக்கு எழுதுகிறவனாகச் சேர்ந்தபோது கடைசி வெள்ளைக்காரத் துரை இருந்தான். சாயங்காலம் அவன் குளிக்கிற நேரம்தான் அவனுக்கு ரிப்போர்ட் கேட்கிற நேரம். நான் குளியலறை ஜன்னலுக்கு வெளியே நின்று உரக்கச் சொல்லவேண்டும், எந்தக் காட்டில் எத்தனை ஆள், எத்தனை கூடை பழம், யார் லீவு, எவள் பிரசவம். உள்ளே தண்ணீர் சளக்சளக்கென்று அசையும். மழை பெய்தாலும் ஜன்னலுக்கு வெளியேதான், தாழ்வாரத்தில் ஏறக்கூடாது, செருப்புச் சேறு. சத்தம் போடு ரைட்டர், கேக்கலை என்பான். போட்டேன். இன்னும் சத்தம். இன்னும் போட்டேன். அவனுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அது எனக்குத் தெரியும், நான் நனைந்து கத்துவது அவனுக்குத் தண்ணீரில் கலந்த வாசனைப்பொடி மாதிரி. அந்தத் தொட்டியை நான் பார்த்ததில்லை, சத்தம் மட்டும் தெரியும். அவன் போய், நான் மேனேஜராகி பங்களாவுக்குள் குடியேறினபோது தொட்டியைத் தேடினேன். வெளியே மாட்டுக்குக் கழனித்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள், ஒரு பக்கம் நெளிந்து. இங்கே வந்து இதைப் பார்த்த நாளிலிருந்து ஆசை விடவில்லை. இன்று காலை இவளிடம்கூடச் சொன்னேன், அப்போது மெஷின் காதில் இருந்தது, சாயங்காலம் இதுல உக்காந்து பாக்கணும், துரை மாதிரி என்று. இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன சிரிப்பு என்றேன். ஒன்றுமில்லை என்றாள். அந்தச் சிரிப்பை அப்போதே நிறுத்தியிருக்கவேண்டும். கூரைமேல் ஜல்லி கொட்டிக்கொண்டே இருக்கிறது. சத்தம் போடு ரைட்டர். போட்டேன். ஐந்தாம் காடு, நாற்பது ஆள். சத்தம் போடு. செத்துப்போனால் என்ன செய்வார்கள். பெட்டியில் போட்டு விமானத்தில் அனுப்ப தயாளன் அலைவான், முகம் கறுத்து, நான்கு பேருக்குப் போன் போட்டு. அகிலா அழுவாள், நன்றாக அழுவாள், அவளுக்கு எல்லாம் நன்றாக வரும். இவள். இவள் என்ன செய்வாள் என்று பார்க்க முயன்றேன், இவள் முகம் வரவில்லை. கப்புதான் வருகிறது. இரண்டு கையாலும் பிடித்த கப்பு. இவள் காதில் மெஷின் இருக்கும், நாள் முழுக்க இருக்கும், ராத்திரிகூட இருக்கும், கையை நீட்ட ஆள் இல்லை.

கதவு திறந்தது. மழை கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. இவள் நின்றாள். வந்துவிட்டாள் என்று நெஞ்சு தளர்ந்ததில் ஒரு கை விட்டுப்போய் முகவாய் வரை தண்ணீரில் இறங்கி மறுபடி பிடித்தேன். இவள் என்னைப் பார்த்தாள். நீலம் பாய்ந்த நகத்தைப் பார்த்தாள், அறுந்த சங்கிலியைப் பார்த்தாள், எல்லாம் ஒரு பார்வையில் விளங்கிவிட்டது, அதை நான் கண்ணால் கண்டேன். அப்புறம் என்னிடம் வராமல் ஜன்னல் பக்கம் போனாள். டம்ளரைத் தேடவில்லை, நேரே கையை விட்டு எடுத்தாள். ஆக, ஒளித்து வைக்கிற இடமெல்லாம் தெரியும். முந்தானையில் துடைத்துக் காதில் மாட்டினாள், கொண்டையை ஒதுக்கிச் சரிசெய்தாள், திரும்பி என்னைப் பார்த்து நின்றாள், சொல்லுங்கள் என்கிற மாதிரி. சொன்னேன். கழுதை என்றேன். உள்ளே ஒருத்தன் செத்துக்கிட்டுக் கெடக்கேன், நீ அங்க என்னத்தைப் பிடுங்கிக்கிட்டு இருக்க என்றேன். செவிட்டு மூதேவி என்றேன். இதற்கு மேலேயும் சொன்னேன், பல் கிட்டுவதில் பாதி வார்த்தை உடைந்து விழுந்தது, உடைந்ததையும் விடாமல் மறுபடி சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தினதும் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள், சாதாரணக் குரலில், விருந்தாளியிடம் சொல்கிறமாதிரி.

"கொஞ்சம் இருங்க. காப்பி ஆறிரும்."

மெஷினைக் கழற்றினாள். நான் கையை நீட்டவில்லை, என் கை இரண்டும் தொட்டி விளிம்பில் இருந்தது. அவளாகவே கழற்றி டம்ளருக்குள் போட்டுவிட்டுப் போனாள். கதவைச் சாத்தவில்லை. இப்போது தெரிகிறது அறை, அதற்கு அப்பால் திறந்த வாசல், வாசலில் நாற்காலி, நாற்காலியில் இவள், எனக்கு நேரே முகம் திருப்பி. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள். வாசல் வழியாக மழைக்காற்று வந்து என் தோளில் உட்கார்ந்தது. இவள் கூஜாவிலிருந்து இன்னொரு கப் ஊற்றினாள். கோபமாக இருக்கிறாளா என்று பார்த்தேன், இல்லை. கோபமாக இருந்தால் சமாளிக்கத் தெரியும். யானையைப் பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள், தூரத்தில் ஒரு மிருகம் சேற்றில் கிடக்கிறது, அவசரமில்லை. நீமா குடையோடு மறுபடி வந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, வாசலோரம் பாவாடையும் குடைத்துணியும் மட்டும். என்னவோ கேட்டாள். நான் கத்தினேன். வெட்கமெல்லாம் போய்விட்டது, யார் வந்து எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும், நீமா என்று பேரைச் சொல்லியே கத்தினேன். வெளியே வந்தது வெறும் காற்று. தொண்டை செத்துவிட்டது. இவள் என்னைப் பார்த்தாள், என் வாய் திறந்து மூடுவதைப் பார்த்தாள், என் கண்ணைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சிரித்துக்கொண்டே நீமாவிடம் சொன்னாள், நோ, தாங்க்யூ. பாவாடை போய்விட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் குளிர். இவள் என்னைச் சாகவிடுவாள் என்பதல்ல, விடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்பது, அந்த யோசனைக்கு ஒரு கப் காபி போதும் என்பது. நான் செய்தது தவறு என்று இவளிடம் சொல்லலாம். சொல்வதற்குக் குரல் இல்லை, குரல் இருந்தாலும் காது டம்ளரில் இருக்கிறது, டம்ளரில் போட்ட முதல் ஆள் நான். விரல் ஒவ்வொன்றாக விட்டது. சுண்டுவிரல், அதற்கடுத்தது. முகவாய், கீழுதடு. தண்ணீர் சோப்புக் கசப்பாக இருந்தது. மூக்கை மேலே தூக்கிக் கூரையைப் பார்த்தேன், மரச்சட்டம், ஒரு சிலந்தி, இங்கேயும் சிலந்தி. காது இரண்டும் தண்ணீருக்குள் போயின. எல்லாச் சத்தமும் நின்றது. இப்படித்தான் இருக்குமா இவளுக்கு, இவ்வளவு விசாலமாக. தலைக்குள் மட்டும் யாரோ சளக் சளக் என்று.

அக்குளில் இரண்டு கை நுழைந்தது. எப்போது வந்தாள், எப்போது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள், தெரியாது. எனக்குப் பின்னால் நின்று முழங்காலை என் முதுகில் முட்டுக்கொடுத்து, அரிசி மூட்டையைச் சாய்த்துத் தூக்குகிறமாதிரி ஒரு எக்கு. காபி மூச்சு என் காதோரம் சூடாக அடித்தது.

"எந்திரிங்க, துரை" என்றாள்.

எழுந்தேன். கால் எப்படி ஊன்றியது, இடுப்பு எப்படி விட்டது, கேட்டால் சொல்லத் தெரியாது. விளிம்பில் உட்காரவைத்து ஒவ்வொரு காலாக எடுத்து வெளியே வைத்தாள், சேற்றில் விழுந்த கன்றுக்குட்டியை எடுத்து வைப்பதுபோல. துவட்டினாள். நோகத்தான் துவட்டினாள். கட்டிலில் தள்ளி, இருக்கிற கம்பளியெல்லாம் மேலே போட்டு, தன் நனைந்த சேலையை மாற்றிக்கொண்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். தொட்டியில் இன்னும் தண்ணீர் அசைகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. குரல் திரும்பி வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது திட்டுவதுதான், ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அந்தப்பக்கம் காதில் மெஷின் இல்லை, முதுகு என்னைப் பார்த்து இருக்கிறது. அந்த முதுகுக்குக் கேட்குமா கேட்காதா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. விழுங்கிவிட்டேன். மழை விட்டு, தோட்டத்தில் யாரோ ஒருத்தனை ஒருத்தன் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். வண்டி வந்தது. தயாளன் யானைக் கதையோடு உள்ளே வந்தான், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். நான்கு வார்த்தையில் சொன்னேன். தொட்டி, கால், குளிர், சரியாப்போச்சு. அவன் வெளுத்துவிட்டான். அகிலா, ஐயோ மாமா என்று என் காலைத் தேய்க்க உட்கார்ந்தாள். யாருப்பா தூக்கினது என்றான். அந்த நீமாப் பிள்ளை என்றேன். வாயில் தானாக வந்தது, யோசித்துச் சொல்லவில்லை, இவள் பேரில் ஒன்றும் வரவு வைத்துவிடக்கூடாது என்று இந்த வாய் பழகிவிட்டது. அவன் நெகிழ்ந்துபோய் நன்றி சொல்ல வெளியே ஓடினான், நான் கம்பளிக்குள் கிடந்தேன், இவள் ஜன்னல் வழியாகக் காபிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தொலைவில் நீமாவின் குரல் ஏறி இறங்கியது. திரும்பி வந்தான். அவ ரெண்டு தரம் வந்தாளாம், அம்மா அனுப்பிட்டாங்களாம், உள்ளேயே வரலையாம்ப்பா என்றான். குழம்பிப்போய் அம்மாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். அம்மாவுக்கு எண்பது கிலோ மனுஷனைத் தூக்க முடியாது, இது அவன் கணக்கு. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை, நான் என்ன சொன்னாலும் அவளுக்குச் சரி. காபி குடித்ததைச் சொல்லலாம். நாற்காலியைத் திருப்பிப் போட்டதைச் சொல்லலாம். குடையோடு வந்தவளை அனுப்பியதைச் சொல்லலாம், மகன் நம்பமாட்டான், நம்பினாலும் ஏன் என்று அவளிடம் கேட்பான், அவளுக்கு அந்த ஏனுக்குப் பதில் சொல்ல நேரம் கிடைத்துவிடும். வேண்டாம்.

"சொல்லுப்பா, யாரு தூக்கினது?"

உங்கம்மா என்றுதான் சொல்லியிருக்கவேண்டும், அதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னேன்.

"வேலுத்தாய்."